பாதியில் எழும்பாத அக்கா

அக்காவின் வீட்டுப் படலையைத் திறந்தால் முதலில் தெரிவது அவருடைய இடது முழங்கை. இரண்டு கையாலும் போனைப் பிடித்திருப்பார். இரண்டு பெருவிரலும் அதன் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருக்கும். காதுகளை மூடியபடி ஒரு கறுப்பு ஹெட்செற். ஆள் வந்ததை ஓரக்கண்ணால் கண்டதும் முழங்கை மட்டும் மெல்ல மேலே எழும்பும். கொஞ்சம் பொறு, இது முடியட்டும் என்று அதற்குப் பொருள். எங்கள் ஒழுங்கையில் அந்த முழங்கையை அறியாதவர் இல்லை. மீன்காரர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஆறுதலாக ஒரு வெற்றிலை போடுவார். என் மனைவிக்குத்தான் பொறுக்காது. போன வேகத்தில் திரும்பி வருவாள்.

"வீட்டுக்கு வந்த ஆளை வா எண்டு கேக்க நேரமில்லை. உந்த வயசிலை உவவுக்கு ஒரு கேம்."

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிறவர், காலை வெயிலில் கிணற்றடியில் இருந்து துவக்குச் சுடுகிற விளையாட்டு விளையாடினார் என்று வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள். நாங்களும் முதலில் சிரித்தவர்கள்தான். அக்கா போன மாசியில் காலமாகிவிட்டார். இப்போது அவரைப் பற்றிக் கதைக்கும்போது ஒருவருக்கும் சிரிப்பு வருவதில்லை. அவரோடு எனக்கு இரத்த உறவு எதுவும் கிடையாது. அவருடைய தோட்டமும் என்னுடையதும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுப்பவை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றில் பங்கு என்பது சின்ன உறவு இல்லை.

அந்த விளையாட்டை நான் அறிந்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் காலை மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்துக்கொண்டு நிற்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல்.

"கூரைக்கு மேலை ஒருத்தன் நிக்கிறான். படு அப்பன், படு. ஐயோ, அவன் கண்டிட்டான்."

வீட்டுக்குள் கள்ளன் ஏறிவிட்டான் என்று நினைத்தேன். கையில் இருந்த மண்வெட்டியோடு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். சாரம் முள்ளில் மாட்டிக் கிழிந்தது. போய்ப் பார்த்தால் அக்கா கிணற்றுக் கட்டில் சாவகாசமாக இருக்கிறார். கூரையில் ஒரு காகம்கூட இல்லை. முழங்கை எழும்பியது. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, கிழிந்த சாரத்தோடு, நான் நின்றேன். விளையாட்டு முடிந்து ஹெட்செற்றைக் கழற்றிய பிறகுதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆரை வெட்டப் போறாய்?"

மகனுக்காகத்தான் அக்கா அந்த விளையாட்டுக்குள் போனார். இதில் மர்மம் எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொல்வார். ஒரே மகன். அப்பன் என்றுதான் கூப்பிடுவார். பத்தொன்பது இருபது வயதில் கனடாவுக்குப் போனவன். முதலிலிருந்தே வாய் திறக்காத பிள்ளை. போனில் எடுத்தால், சாப்பிட்டியளோ, ஓம், குளிரோ, ஓம், சரி வைக்கிறன் என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவான். காசு ஒழுங்காக அனுப்புவான். கதைதான் அனுப்பமாட்டான். வேலை முடிந்து வந்ததும் கேம் விளையாடுகிறான், அதற்குள் போய்விட்டால் வாய் ஓயாமல் கதைப்பானாம் என்று அங்கே அவனோடு ஒரு வீட்டில் இருந்த பொடியன் ஒருவன் ஊருக்கு வந்தபோது போகிற போக்கில் சொல்லிவிட்டான்.

வேறு தாய் என்றால் மகனை ஏசியிருப்பார். அக்கா ஏசவில்லை. "அவன் வெளியிலை வரமாட்டானெண்டா நான் உள்ளுக்குப் போறன்" என்று சொல்லி, மகனைக் கொண்டே அதைத் தன் போனில் போடுவித்தார். மகன் விழுந்து விழுந்து சிரித்தானாம். விளையாட்டுக்குள் எல்லோருக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று அவருக்குச் 'சின்ன வெங்காயம்' என்று பெயர் வைத்ததும் அவன்தான்.

மகனுக்கு ரொறன்ரோவில் ஒரு களஞ்சியத்தில் பின்னேர வேலை. முடிந்து அறைக்கு வந்து சாப்பிட அங்கே இரவாகிவிடும், எங்களுக்கு விடிந்து எட்டு மணி. எட்டு மணி என்பது தோட்டக்காரருக்கு எப்படிப்பட்ட நேரம் என்று தெரியும்தானே. மிசின் வைத்துத் தண்ணீர் இறைக்கிற நேரம். உலை வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை என்றால் கோயில் நேரம். அந்த நேரத்தில்தான் அக்காவின் மகனுக்கு வாய் திறக்கும்.

எனக்கு அந்த விளையாட்டு விளங்காது. நாலு பேர் ஒரு ரீம். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், வீடு வீடாகப் புகுந்து துவக்கும் மருந்தும் எடுக்க வேண்டும், மற்ற ரீம்களைச் சுட்டு வீழ்த்தி, கடைசியில் மிஞ்ச வேண்டும். இதை அக்கா விளையாடிய விதம் இருக்கிறதே, அது இந்தப் பூமியில் எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். ஆளில்லாத வீட்டுக்குள் போவதற்கு முன் மற்றவர்களிடம் கேட்பார். "தம்பியவை, உந்த வீட்டுக்குள்ளை நான் போகட்டோ? ஆரும் முதல் கண்டு வைச்சிருக்கிறியளோ?" மருந்துப்பெட்டி கிடைத்தால் தான் எடுக்கமாட்டார். போன தடவை நான் எடுத்தது, இந்தத் தடவை உன் முறை என்பார். கிணற்றுப் பங்குக்காரரின் புத்தி போனுக்குள்ளும் போய்விட்டது. அவர்களோடு சென்னையிலிருந்து ஒரு பையன் வழக்கமாகச் சேருவான். அவன் அவரை இருபது வயதுப் பெண் என்று நினைத்திருந்தானாம். ஒரு நாள் "வெங்காயம், கவர் குடுங்க, கவர் குடுங்க" என்று எதிரியைச் சுட்டுத் தன்னைக் காக்கச் சொல்லி அவன் கத்த, அக்கா "முதல் நீ சாப்பிட்டியோ எண்டு சொல்லு, குரல் களைச்சுப் போச்சு" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அவனுக்கும் அவர் அன்ரி.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவோடு ஒருவருக்கும் ஒத்துப்போகாது. அந்த விளையாட்டில் சூடு பட்டவர் உடனே சாவதில்லை. விழுந்து தவழ்வார். ரீமில் ஒருவர் பக்கத்தில் போய்ச் சிறிது நேரம் அசையாமல் குந்தியிருந்தால் எழுப்பிவிடலாம். அதற்குள் எதிரி வந்தால் இரண்டு பேர் கதையும் முடிந்தது. கெட்டிக்காரர்கள் நிலைமை பார்த்து, விழுந்தவனை விட்டுவிட்டு ஓடுவார்கள். அக்கா ஓடமாட்டார். எந்த நெருப்புக்குள்ளும் போய்க் குந்துவார். மகன் அங்கிருந்து கெஞ்சுவான்.

"அம்மா, என்னை விட்டிட்டு ஓடுங்கோ. நீங்களும் சாகப்போறியள்."

"விட்டிட்டு எப்பிடியடா போறது. பேசாமல் கிட."

இதனால் எத்தனையோ ஆட்டம் தோற்றார்கள். நான் ஒரு தடவை பகிடியாகக் கேட்டேன், நீங்கள் கண்ட சண்டை போதாதோ அக்கா, இதுக்குள்ளையும் போய்ப் படவேணுமோ என்று. அவர் சிரித்துவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்த்தேன். முகம் மாறிவிட்டது.

அக்காவின் புருசன் சண்டைக் காலத்தில் செத்தவர். தென்மராட்சியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் ஷெல்லடி தொடங்கி, சனத்தோடு சனமாகக் குடும்பமும் ஓடியிருக்கிறது. வழியில் புருசன் காயப்பட்டு விழுந்துவிட்டார். அக்காவின் கையில் பால்குடிப் பிள்ளை.

"பிள்ளையைக் கொண்டு ஓடு எண்டு அந்தாள்தான் சொன்னது. சனமும் இழுத்துக்கொண்டு போச்சுது. நான் ஓடினனான் தம்பி. திரும்பிப் பாக்கேக்கை உயிர் இருந்தது. கை ஆட்டினவர்." சொல்லிவிட்டு ஹெட்செற்றின் வயரைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "உதிலை செத்தா மற்றமுறை திரும்ப வரலாம். அது பரவாயில்லை."

அதற்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி நான் பகிடி விடவில்லை. மனைவியிடமும் சொன்னேன். அவளும் முழங்கையைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்று பார்க்கப் பழகினாள்.

அக்காவுக்குப் பாதி என்பதே தெரியாது. நல்லதென்றாலும் அப்படித்தான், பிழையென்றாலும் அப்படித்தான். என் தாயைப் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, ஒரு இரவு துணைக்கு நிற்கிறேன் என்று வந்தவர் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்வரை அசையவில்லை. கோயிலில் பூமாலை கட்ட இருந்தால் பொங்கல் ஆறிப்போனாலும் எழும்பமாட்டார். தொடங்கினதை முடிக்க வேண்டும். கூட இருந்தவர்களோடு கடைசி மட்டும் இருக்க வேண்டும். விளையாட்டுக்குப் போன பிறகு இந்தக் குணம் இரண்டு பக்கத்தாலும் இழுபடத் தொடங்கியது. அடுப்பில் பால் பொங்கி வழியும், ஆட்டம் முடியவில்லை. வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மண்வெட்டியால் திருப்பிவிட வேண்டும், ஆட்டம் முடியவில்லை. ஒரு பாத்தி குளமாகக் கிடக்க மற்றப் பாத்தி வெடித்துக் கிடக்கும். அதைக் கேள்விப்பட்டுத்தான் மகன் தூவிப் பாய்ச்சுகிற குழாய்களுக்குக் காசு அனுப்பினான். மிசினைப் போட்டுவிட்டால் மழை மாதிரி அதுவே சுற்றிச் சுற்றிப் பெய்யும். அக்காவின் கை இரண்டும் விளையாட்டுக்கு என்று விடுபட்டது. நன்மை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எங்கள் கிணறு ஐந்து குடும்பத்துக்குப் பங்கு. முறை வைத்துத்தான் இறைப்போம், ஆளுக்கு ஒரு நாள். கிணற்றின் உட்சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டு நிற்கும். தண்ணீர் இறங்கி அந்தக் கல் தெரிந்தால் மிசினை நிறுத்த வேண்டும். ஊறவிட்டுத்தான் மீண்டும் இறைக்கலாம். வடமராட்சியில் நிலத்துக்கு அடியில் நல்ல தண்ணீர் மெல்லிய ஆடை மாதிரித்தான் படர்ந்திருக்கிறது. அதற்குக் கீழே உப்பு. ஆசைப்பட்டு இழுத்தால் உப்பு மேலே ஏறிவிடும். இதைச் சின்னப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அக்கா எங்களில் எவரையும்விடக் கவனமாக அந்தக் கல்லைப் பார்த்தவர்.

மழை பொய்த்த ஒரு கோடை. வெங்காயம் குமிழ் பருக்கிற நேரம். அன்று அக்காவின் முறை. நான் நெல்லியடிச் சந்தைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருக்கிறேன். ஒழுங்கைக்குள் திரும்பும்போதே மிசினின் சத்தம் பிழையாகக் கேட்டது. தண்ணீர் இல்லாமல் காற்றை இழுத்து இழுத்துக் கத்துகிற சத்தம். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தூவல் குழாய்கள் தலை சாய்ந்து நின்றன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அந்தக் கல் எங்கேயோ மேலே தெரிந்தது. அடியில் வெள்ளைப் பாறையும் சேறும், ஒரு வாளி கலங்கல் தண்ணீரும். அக்கா முருங்கை மரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். காதில் ஹெட்செற்.

மிசினை நான்தான் நிறுத்தினேன். சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தார். முழங்கை எழும்பவில்லை. போன் மடியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து மகனின் குரல், "அம்மா? அம்மா நிக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் முறை தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவுடையது. அவர் ஊறிய தண்ணீரை அள்ளி வாயில் வைத்தார், துப்பினார். வாளியை என்னிடம் நீட்டினார். உப்பு.

அந்தத் தண்ணீரை விட்டாலும் வெங்காயம் போச்சு, விடாவிட்டாலும் போச்சு. விட்டுப் பார்த்தோம். தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. ஐந்து தோட்டமும் ஒரே மாதிரி. சுண்டுவிரல் நுனி அளவுக் குமிழோடு கிண்டி எடுத்தோம். என் மனைவி அந்தக் குமிழ்களைக் கடகத்தில் போட்டுக்கொண்டு போய் அக்காவின் வாசலில் கொட்டப் போகிறேன் என்று வெளிக்கிட்டாள். நான் தடுக்கவில்லை. ஆனால் படலையடி வரைக்கும் போனவள் திரும்பி வந்துவிட்டாள். அக்கா வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாராம். அதைப் பார்த்த பிறகு கொட்ட மனம் வரவில்லை என்றாள்.

ஏன் அன்றைக்கு மிசினைக் கவனிக்கவில்லை என்று அக்காவிடம் நான் கேட்டேன். கோபத்தில் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டேன்.

"அவன் ஒரு பொம்பிளைப் பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினவன் தம்பி. வேலையிடத்திலை கண்ட பிள்ளையாம். என்ரை பிள்ளை தன்ரை வாயாலை எனக்கு ஒரு மனவிசயம் சொல்ல வெளிக்கிட்டது அண்டைக்குத்தான். பாதி சொன்னான். மிச்சத்தைக் கேட்டிட்டு எழும்புவம், மிச்சத்தைக் கேட்டிட்டு எழும்புவம் எண்டு இருந்தன். மிசின் எண்டு ஒண்டு ஓடுறதையே மறந்து போனன்."

பங்குக்காரர் எல்லோரும் கோயில் மடத்தில் கூடினோம். வெட்டுக்குத்து என்று ஒன்றும் நடக்கவில்லை. ஏசினோம், உண்மைதான். பயிர் போனவன் ஏசத்தான் செய்வான். அக்கா தலை நிமிரவில்லை. எல்லோரும் ஏசிக் களைத்த பிறகு தபால் ஐயாதான் ஒரு வழி சொன்னார். அவருக்குத்தான் நட்டம் அதிகம், மகளின் கலியாணத்தை அந்த வெங்காயத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"பிள்ளை, நீ காலமை இறைக்கிறபடியால்தானே உந்தச் சிக்கல். உன்ரை முறையைப் பின்னேரத்துக்கு மாத்துவம். உன்ரை நாளிலையும் என்ரை நாளிலையும் காலமை நான் இறைக்கிறன், பின்னேரம் நீ இறை. காலமை மகனோடை இரு. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்."

எவ்வளவு பெரிய வார்த்தை அது. கூடியிருந்த ஒருவரும் மறுக்கவில்லை. காலையில் விளையாட்டு, பின்னேரம் தண்ணீர். இரண்டும் இருந்திருக்கும். இன்றைக்கு நினைத்தாலும் என் மனம் அந்த இடத்தில் போய்த்தான் நிற்கிறது. அக்கா மட்டும் ஓம் என்று தலையாட்டியிருந்தால்.

அவர் எழும்பினார். மடியிலிருந்த போனை எடுத்து, எல்லோருக்கும் தெரியத்தக்கதாகத் தூக்கிப் பிடித்து, அந்த விளையாட்டை அழித்தார். பெருவிரலால் ஒரு அமத்து. அவ்வளவுதான்.

"இனி இல்லை" என்றார்.

"உன்னை ஆர் அழிக்கச் சொன்னது?" என்று தபால் ஐயா பதறிப்போனார். "நான் சொன்னதென்ன, நீ செய்யிறதென்ன?"

"இல்லை ஐயா. கொஞ்சம் கொஞ்சம் எண்டு எனக்குச் செய்யத் தெரியாது. இருந்தா முழுக்க இருந்திடுவன்."

சொன்னால் சொன்னதுதான். அந்த மாரியில் நல்ல மழை பெய்து கிணறு பாதி தேறியது. தோட்டத்துக்குப் பரவாயில்லை. தேத்தண்ணீருக்கு மட்டும் இன்றைக்கும் உதவாது. அக்கா தன் முறை நாளில் கிணற்றுக் கட்டிலிருந்து அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கை இரண்டும் சும்மா மடியில் கிடக்கும். எட்டு மணியானால் மட்டும் ஒரு தவிப்பு வரும். எழும்பி நடப்பார், இருப்பார். பேந்து எழும்புவார்.

மகன் முதலில் எடுத்துக் கேட்டான், ஏன் அம்மா வாறியள் இல்லை என்று. தோட்டத்திலை வேலை கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டார். கிணறு உப்பான கதையை அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் தன்னாலைதான் என்று பிள்ளை மனம் நோவான் என்று பயம். அவன் இன்னும் கொஞ்ச நாள் கேட்டான். பிறகு கேட்கவில்லை. போன் பேச்சு திரும்பவும் பழையபடி, சாப்பிட்டியளோ, ஓம் என்று சுருங்கிப் போனது. "அந்தப் பிள்ளையின்ரை கதை என்னாச்சு எண்டு கேக்கிறதுதானே அக்கா" என்று நான் சொன்னேன். கேட்டாராம். "பாப்பம்" என்றானாம். அதற்கு மேல் போனில் எப்படித் தோண்டுவது என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து மகன் வந்தான். கோயில் கொடியேறிய நேரம். அக்கா வீட்டுக்கு வெள்ளையடித்தார். கணவாய் மீன் வாங்கப் பருத்தித்துறைக்கு விடியவே போனார். நான் பார்க்கப் போனபோது விறாந்தையில் கதிரையைச் சுவரோடு போட்டுக்கொண்டு இருந்தான். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை. எழும்பி நின்று "வாங்கோ மாமா" என்றான். பிறகு திரும்பப் போனைக் கையில் எடுத்தான். அக்கா குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"கணவாய் இன்னும் போடட்டோ?"

"காணும் அம்மா."

"உறைப்போ?"

"இல்லை."

திரும்பிக் குசினிக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் வேறு ஏதாவது கேட்பதற்கு வருவார். அவனும் அவரைப் பார்ப்பான், ஏதோ சொல்ல வெளிக்கிடுவான், போனைப் பார்ப்பான். ஒரு கிழமையாக இதுதான் நடக்கிறது என்று என் மனைவி சொன்னாள். ஒரு தட்டில் சாப்பாடு கொடுக்கிற தூரத்தில் இருந்துகொண்டு இரண்டு பேருக்கும் கதைக்கத் தெரியவில்லை.

அவன் திரும்புவதற்கு முதல் நாள் முற்பகல் அவனுக்கு விடை கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். விறாந்தையில் பழையபடி அவன், கையில் போன். அக்கா எனக்குத் தேத்தண்ணீர் தந்துவிட்டுக் குசினிக்குள் போனார். திடீரென்று அவனுடைய போன் மெல்லக் கிணுகிணுத்தது. குனிந்து பார்த்தவன் புருவத்தை உயர்த்தினான். குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு விரலால் எதையோ தட்டினான்.

"வந்திட்டியளோ" என்றான் போனுக்குள். ஊருக்கு வந்த பிறகு அவன் சிரித்து நான் கண்டது அப்போதுதான்.

"வந்திட்டன் அப்பன். எல்லாம் மறந்து போச்சு. எங்கை குதிக்கிறது?"

அக்காவின் குரல் எனக்கு இரண்டு தரம் கேட்டது. குசினிக்குள்ளிருந்து ஒருதரம், அவன் போனுக்குள்ளிருந்து இன்னொருதரம். இடையில் ஒரே ஒரு சுவர். அழித்த விளையாட்டை எப்போது, யாரைக் கொண்டு திரும்பப் போட்டாரோ, எனக்குத் தெரியாது.

"என்னோடை வாங்கோ. அந்தச் சிவத்தக் கூரை வீடு. பயப்பிடாதேங்கோ."

அவனுக்கு வாய் திறந்துவிட்டது. குதித்தான், ஓடினான், தாயை மதிலுக்கு மறைவில் இருக்கச் சொன்னான், பழைய சென்னைப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான் என்று சொன்னான், குளிருக்கு முழங்கால் நோகிறது என்று சொன்னான். ஒரு கிழமையாகச் சேர்த்து வைத்த கதையெல்லாம் வந்துகொண்டிருந்தது. நான் தேத்தண்ணீரைக் குடிக்கவும் மறந்து இருந்தேன். கொஞ்சம் பொறுத்து அவன் குரல் தணிந்தது.

"அம்மா."

"சொல்லு அப்பன்."

"முந்தி ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னனெல்லோ."

"ஓம்."

"கலியாணம் எழுதியாச்சு அம்மா. போன வருசம்."

போனுக்குள் எங்கேயோ தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று இரண்டு குரலும் கேட்டன.

"நான் நெடுகப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒவ்வொரு நாளும் உள்ளுக்கு வந்து பாப்பன். நீங்கள் வரேல்லை."

"போனிலை சொல்லியிருக்கலாமே அப்பன்."

"போனிலை என்னெண்டு அம்மா சொல்லுறது."

அக்கா இப்போது எழும்பி விறாந்தைக்கு வருவார் என்று நான் வாசலையே பார்த்தேன். அவர் வரவில்லை. அவனும் எழும்பவில்லை. ஒரே மகனின் கலியாணம். பொன்னுருக்கி, தாலி கூறை தெரிந்தெடுத்து, முன்னுக்கு நின்று நடத்த வேண்டிய தாய். ஊரில் எத்தனை கலியாணத்துக்குப் பலகாரம் சுட்ட கை. எனக்கு அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போவதற்கும் முடியவில்லை.

கொஞ்சம் பொறுத்து மீண்டும் குரல் வந்தது. அது அழுத குரலா, இல்லையா என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியவில்லை.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

அவன் சொன்னான். அக்கா அந்தப் பெயரைத் தானும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு என்ன செய்யிறியள்? சமைப்பாளோ?"

"நான்தான் அம்மா சமைக்கிறது." அவன் சிரித்தான். பிறகு போன் கண்ணாடியைப் பார்த்தான். "அம்மா, இன்னும் இரண்டு பேர்தான் மிச்சம். பாறைக்குப் பின்னாலை நிக்கினம். சுட்டா ஆட்டம் முடிஞ்சுது. சுடட்டோ?"

"வேண்டாம்" என்று அக்கா சொன்னார். "கெதியா முடிச்சுப் போடாதை, அப்பன்."